பாண்டிங்: இரண்டு கேபிள்கள், ஒரே முகவரி, கண்ணுக்குத் தெரியாத கோளாறுகள்

ஒரு சர்வரில் இரண்டு நெட்வொர்க் கேபிள்கள் செருகப்பட்டிருக்கும். ஆனால் அவை இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஐபி முகவரிதான் இருக்கும். லினக்ஸ் சர்வர்களில் இதைச் சாத்தியமாக்குவது ‘பாண்டிங்’ என்னும் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வசதியாகும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நெட்வொர்க் இடைமுகங்களை ஒன்றுசேர்த்து, பாண்ட்-0 போன்ற பெயருடைய ஒரே மெய்நிகர் இடைமுகமாக அது இயங்குதளத்துக்குக் காட்டுகிறது. ஐபி முகவரி, ரவுட்டிங், ஃபயர்வால் விதிகள் ஆகியவை அந்த மெய்நிகர் இடைமுகத்தின் மீதே அமைகின்றன. அடியில் இருக்கும் உண்மையான கார்டுகள் அதன் உறுப்புகளாக மட்டும் இயங்குகின்றன. கர்னல் 2.0 காலத்தில் டொனால்ட் பெக்கர் பேவுல்ஃப் கணினித் தொகுதிகளுக்காக எழுதிய திருத்தங்களிலிருந்து தோன்றிய இவ்வசதி, பிறகு வெகுவாக மாறியிருக்கிறது.

பாண்டிங் செய்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு கேபிளோ, ஒரு கார்டோ, ஒரு சுவிட்ச் போர்ட்டோ பழுதானாலும் சர்வர் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்படக் கூடாது என்பது முதலாவது. பல இணைப்புகளின் மொத்தக் கொள்ளளவையும் பயன்படுத்திக்கொள்வது இரண்டாவது. முதல் காரணத்துக்காகப் பாண்டிங் செய்பவர்கள் பெரும்பாலும் திருப்தியடைகிறார்கள். இரண்டாவதற்காகச் செய்பவர்களில் பலர் ஏமாற்றமடைகிறார்கள். அந்த ஏமாற்றம் ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கோளாறு தேடுவதில் பாண்டிங்குக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதாரண இணைப்பில் கேபிள் அறுந்தால் சேவை நின்றுவிடும், உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பாண்டில் ஓர் உறுப்பு செத்துப்போனால் எதுவும் நிற்பதில்லை, புகாரும் வருவதில்லை. மாதக்கணக்கில் ஒற்றைக் காலில் நின்றபடியே சர்வர் வேலை செய்யும். இன்னொரு உறுப்பும் பழுதாகும் நாளில்தான் முதல் பழுது எப்போதோ நடந்துவிட்டது என்பது வெளிப்படும். ஆகவே “இப்போது வேலை செய்கிறதா?” என்ற கேள்வி இங்கே போதாது. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாக நலமாக இருக்கிறதா, மறுமுனையில் இருக்கும் சுவிட்சும் அவற்றை அதே விதமாகத்தான் பார்க்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். இக்கட்டுரையில் வரும் கோளாறுகளில் பெரும்பான்மை இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் நீடிப்பவையே.

எந்த முறையில் இயங்குகிறது?

லினக்ஸ் பாண்டிங்கில் பூஜ்யம் முதல் ஆறு வரை ஏழு முறைகள் உள்ளன. நடைமுறையில் அடிக்கடி எதிர்ப்படுபவை இரண்டுதான். எண் 1, ‘ஆக்டிவ்-பேக்கப்’: ஒரே ஓர் உறுப்பு மட்டும் வேலை செய்யும், மற்றவை காத்திருக்கும், வேலை செய்வது விழுந்தால் காத்திருப்பவற்றில் ஒன்று பொறுப்பேற்கும். இதற்குச் சுவிட்சில் பாண்டிங் சார்ந்த அமைப்பு எதுவும் தேவையில்லை, இருக்கவும் கூடாது. எண் 4, ‘802.3ஏடி’: எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், சர்வரும் சுவிட்சும் எல்ஏசிபி என்ற நெறிமுறையில் பேசி, எந்தெந்த இணைப்புகள் ஒரு தொகுப்பில் சேரும் என்று முடிவுசெய்யும். இதற்குச் சுவிட்சிலும் அதே போர்ட்டுகளை எல்ஏசிபி தொகுப்பாக அமைத்திருக்க வேண்டும். 2000-இல் வெளியான அந்தத் தரநிலை 2008-இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரநிலையாக மாற்றப்பட்டாலும், கர்னலிலும் பேச்சுவழக்கிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

மற்ற முறைகளில் பேலன்ஸ்-ஆர்ஆர், பேலன்ஸ்-எக்ஸ்ஓஆர், பிராட்காஸ்ட் ஆகிய மூன்றும் எல்ஏசிபி பேசாதவை. ஆனால் சுவிட்சில் நிலையான தொகுப்பு அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவை. பேலன்ஸ்-டிஎல்பி, பேலன்ஸ்-ஏஎல்பி ஆகிய இரண்டும் சுவிட்சின் ஒத்துழைப்பைக் கோராதவை. இவற்றில் ஏஎல்பி, ஏஆர்பி (ஓர் ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை) பதில்களை மாற்றி எழுதி வெவ்வேறு கணினிகளுக்கு வெவ்வேறு மேக் முகவரிகளை, அதாவது கார்டுகளின் வன்பொருள் முகவரிகளைக் காட்டுவதால், மெய்நிகர் கணினிகளுக்கான பிரிட்ஜுக்கு (மென்பொருள் சுவிட்சுக்கு) அடியில் அதை வைத்தால் விளங்காத சிக்கல்கள் வரும். புதியவர்கள் ஒன்றையோ நான்கையோ தேர்ந்துகொண்டு மற்றவற்றை மறந்துவிடுவதே என் பரிந்துரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. முறை எதையும் குறிப்பிடாவிட்டால் கர்னல் தானாக எடுத்துக்கொள்வது எண் பூஜ்யத்தை, அதாவது பேலன்ஸ்-ஆர்ஆர் முறையை. பாண்டிங் மாட்யூல் (கர்னலில் ஏற்றப்படும் நிரல் பகுதி) ஏற்றப்படும் கணத்திலேயே பாண்ட்-0 என்ற இடைமுகத்தை அந்த முறையில் தானாக உருவாக்கிவிடும் வழக்கமும் அதற்கு உண்டு. அமைப்புக் கோப்பில் 802.3ஏடி என்று எழுதியிருந்தும் சர்வர் வேறு முறையில் இயங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாட்யூலின் மேக்ஸ்-பாண்ட்ஸ் அளவுருவைப் பூஜ்யமாக்கினால் இந்தத் தானியங்கிப் பிறப்பு நின்றுவிடும். நெட்வொர்க்மேனேஜர், நெட்பிளான், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என அமைப்புக் கருவிகள் பல. ஆனால் அவை அனைத்தும் ஒரே கர்னல் மாட்யூலிடம்தான் வேலை வாங்குகின்றன. எனவே கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாமல், கர்னல் இப்போது என்ன நினைக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கர்னலின் வாக்குமூலம்

கர்னல் நினைப்பதைக் காட்டும் ஒரு கோப்பு, அதாவது நிலைக்கோப்பு, இருக்கிறது. ‘ப்ராக்’ கோப்பமைப்பில், ‘நெட்’ அடைவுக்குள் இருக்கும் ‘பாண்டிங்’ அடைவில், ஒவ்வொரு பாண்டின் பெயரிலும் ஒரு கோப்பு இருக்கும். ‘கேட்’ கட்டளையால் அதைத் திறந்து படித்தால் போதும். ரூட் பயனராகப் படிப்பது முக்கியம். புதிய கர்னல்களில் சாதாரணப் பயனருக்கு எல்ஏசிபி விவரங்களில் பெரும்பகுதி காட்டப்படுவதில்லை. அந்த வரிகள் இல்லாததைக் கண்டு எல்ஏசிபியே இயங்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவது எளிதில் நேரக்கூடியது.

கோப்பின் மேற்பகுதி பாண்டைப் பற்றியது. அதன் கீழே, ஒவ்வோர் உறுப்புக்கும் ‘ஸ்லேவ் இன்டர்ஃபேஸ்’ என்ற தலைப்புடன் ஒரு பத்தி இருக்கும். முதலில் மேலே இருக்கும் ‘பாண்டிங் மோட்’ வரியைப் படித்து, நாம் விரும்பிய முறைதானா என்று உறுதிசெய்ய வேண்டும். அடுத்து உறுப்புப் பத்திகளை எண்ண வேண்டும். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தால், மற்றொரு கார்டு பாண்டில் சேரவே இல்லை என்று பொருள். சர்வரில் புதிதாக ஒரு கார்டைச் செருகியதால் பழைய கார்டின் பெயர் மாறிப்போயிருப்பது இதற்கு வழக்கமான காரணங்களில் ஒன்று.

பிறகு ஒவ்வொரு பத்தியிலும் ‘எம்ஐஐ ஸ்டேட்டஸ்’, ‘ஸ்பீட்’, ‘டூப்ளெக்ஸ்’ (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு போக முடியுமா என்பது), ‘லிங்க் ஃபெய்லியர் கவுண்ட்’ ஆகிய நான்கு வரிகளைப் பார்க்க வேண்டும். எம்ஐஐ நிலை ‘அப்’ என்று இருப்பது, அந்தக் கார்டு அடுத்த முனையிலிருந்து மின் அல்லது ஒளிச் சமிக்ஞையைப் பெறுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. அதன் வழியாகத் தரவு போய்வருகிறது என்பதற்குச் சான்று ஆகாது. வேகமும் டூப்ளெக்ஸும் எல்லா உறுப்புகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 10 கிகாபிட்டிலும் மற்றொன்று 1 கிகாபிட்டிலும் இணைந்திருந்தால், 802.3ஏடி முறையில் அவை ஒரே தொகுப்பில் சேரா. இணைப்பு எத்தனை முறை விழுந்தது என்பதை நான்காவது வரி சொல்கிறது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் அந்த எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்பதை நினைவில் கொண்டு, சர்வர் எத்தனை நாளாக இயங்குகிறது என்பதோடு சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். ஓர் உறுப்பில் பூஜ்யமும் மற்றொன்றில் சில நூறும் இருந்தால், சந்தேகப்பட வேண்டிய கேபிள் எது என்று மேலும் யோசிக்க வேண்டியதில்லை.

அந்தக் கேபிளைத் தரவு மையத்தில் கண்டுபிடிப்பது தனி வேலை. பாண்டில் சேர்ந்த உறுப்புகள் பெரும்பாலான முறைகளில் ஒரே மேக் முகவரியைத் தாங்கியிருப்பதால், ‘ஐபி லிங்க்’ கட்டளை காட்டும் முகவரியை வைத்து எது எந்தக் கார்டு என்று சொல்ல முடியாது. நிலைக்கோப்பில் இருக்கும் ‘பர்மனென்ட்’ வன்பொருள் முகவரியைப் பார்க்க வேண்டும். ‘ஈத்டூல்’ கட்டளையில் அடையாளம் காட்டுவதற்கென்று ஒரு தெரிவு உண்டு. அதைத் தந்தால், பெரும்பாலான கார்டுகள் அந்தப் போர்ட்டின் விளக்கைச் சிமிட்டிக் காட்டும். மறுமுனை எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட் என்பதை எல்எல்டிபி நெறிமுறை சொல்லிவிடும். ஆனால் இன்டெல் எக்ஸ்710 வகைக் கார்டுகளில், கார்டுக்குள்ளேயே இயங்கும் எல்எல்டிபி நிரல் அந்தச் செய்திகளை விழுங்கிவிடுவதால் இயங்குதளத்துக்கு எதுவும் எட்டாது; ஈத்டூல் வழியாக அந்த நிரலை நிறுத்திய பிறகே அவை தெரியவரும்.

விளக்கு எரிகிறது, தொகுப்பு சேரவில்லை

802.3ஏடி முறையில் ஏற்படும் கோளாறுகளை, நிலைக்கோப்பின் மூன்று இடங்களைப் படித்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது, ‘பார்ட்னர் மேக் அட்ரஸ்’ என்ற வரி. அது 00:00:00:00:00:00 என்று இருந்தால், சுவிட்சிடமிருந்து எல்ஏசிபி செய்தி ஒன்றுகூட வரவில்லை. கேபிள் நன்றாக இருக்கிறது, எம்ஐஐ நிலையும் ‘அப்’ என்றே இருக்கிறது, ஆனால் மறுமுனை பேசவில்லை. சுவிட்சில் அந்தப் போர்ட்டுகளுக்கு எல்ஏசிபி அமைக்கப்படாதது, அல்லது கேபிள் வேறு போர்ட்டில் செருகப்பட்டிருப்பது ஆகிய இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எல்ஏசிபி தொகுப்பில் ஒவ்வொரு முனையும் ‘ஆக்டிவ்’ அல்லது ‘பாஸிவ்’ ஆக இருக்கலாம். பாஸிவ் முனை தானாகப் பேச்சைத் தொடங்காது. லினக்ஸ் வழக்கமாக ஆக்டிவாகவே இருப்பதால் இது அரிதாகவே சிக்கலாகும். இணைப்பின் மறுமுனை பதில் சொல்லவில்லை என்ற எச்சரிக்கையைக் கர்னலும் தன் பதிவேட்டில் எழுதியிருக்கும்; ‘டிமெசேஜ்’ கட்டளையில் அதைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒவ்வோர் உறுப்புப் பத்தியிலும் இருக்கும் ‘அக்ரிகேட்டர் ஐடி’ என்ற எண். எல்லா உறுப்புகளிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால், உறுப்புகள் வெவ்வேறு தொகுப்புகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு தொகுப்பு மட்டுமே பயன்படும் என்பதால் மற்ற உறுப்பு சும்மா இருக்கும். இரண்டு கேபிள்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சுவிட்சுகளுக்குப் போவதே இதற்கு மிக முக்கியமான காரணம். எல்ஏசிபியின் பார்வையில் ஒரு தொகுப்பின் மறுமுனையில் ஒரே சாதனம்தான் இருக்க முடியும். இரண்டு சுவிட்சுகளைப் பயன்படுத்த விரும்பினால், அவை ஸ்டாக் ஆகவோ, எம்லாக் போன்ற ஏற்பாட்டின் வழியாகவோ தம்மை ஒரே சாதனமாகக் காட்டிக்கொள்ள வேண்டும். சிஸ்கோவின் நெக்ஸஸ் சுவிட்சுகளில் இந்த ஏற்பாட்டுக்கு விபிசி என்று பெயர். அது இல்லாத இடத்தில் ஆக்டிவ்-பேக்கப் முறையே பொருத்தமானது.

மூன்றாவது, ‘போர்ட் ஸ்டேட்’ என்ற எண். புதியவர்களை மிரட்டும் இந்த எண்ணைப் படிப்பது கடினமில்லை. அது எட்டு நிலைகளின் கூட்டுத்தொகை: ஆக்டிவ் என்பதற்கு 1, விரைவான கால அளவுக்கு 2, தொகுப்பில் சேரத் தயார் என்பதற்கு 4, மறுமுனையுடன் ஒத்திசைந்துவிட்டது என்பதற்கு 8, தரவைப் பெறுகிறது என்பதற்கு 16, தரவை அனுப்புகிறது என்பதற்கு 32, மறுமுனை பேசாததால் இயல்புநிலை அனுமானத்தில் இயங்குகிறது என்பதற்கு 64, மறுமுனையின் செய்தி காலாவதியாகிவிட்டது என்பதற்கு 128. நலமாக இருக்கும் இணைப்பு 61 அல்லது 63 என்று காட்டும். இரண்டுக்கும் வேறுபாடு அந்த 2 மட்டுமே. 69, 77 போன்ற எண்களைக் கண்டால் அவற்றில் 64 அடங்கியிருக்கிறது, அதாவது சுவிட்சின் குரல் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். சர்வரின் எண் ஒருபுறமும் மறுமுனையின் எண் மறுபுறமும் தனித்தனியாகக் காட்டப்படுவதால், யார் யாரை ஏற்கவில்லை என்பதையும் இதிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

விரைவான கால அளவு என்று சொன்னதற்குச் சிறு விளக்கம் தேவை. எல்ஏசிபி செய்திகள் மெதுவான அளவில் 30 நொடிகளுக்கு ஒருமுறையும், விரைவான அளவில் நொடிக்கு ஒருமுறையும் அனுப்பப்படுகின்றன. மூன்று செய்திகள் தவறினால் இணைப்பு செத்ததாகக் கொள்ளப்படும். சர்வருக்கும் சுவிட்சுக்கும் இடையே மீடியா கன்வர்ட்டர் போன்ற ஒரு சாதனம் இருந்து, அதற்கு அப்பால் கேபிள் அறுந்தால், சர்வரின் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்நிலையில் மெதுவான அளவென்றால் 90 நொடிகள் வரை தரவு வெற்றிடத்தில் போய் விழும். விரைவான அளவென்றால் மூன்று நொடிகளில் விஷயம் தெரிந்துவிடும்.

இவற்றாலும் தெளிவு பிறக்காவிட்டால், ‘டிசிபிடம்ப்’ கருவியை ஒவ்வோர் உறுப்பு இடைமுகத்திலும் தனித்தனியாக இயக்கி, ஈத்தர்வகை எண் பதினாறடிமானத்தில் 8809 ஆக இருக்கும் செய்திகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நாம் அனுப்பும் எல்ஏசிபி செய்திகள் மட்டும் தெரிந்து, எதிர்த்திசையில் ஒன்றும் வராவிட்டால், இனிப் பார்க்க வேண்டிய இடம் சுவிட்ச். நெட்வொர்க் பிரிவினருடன் பேசும்போது இந்தப் பதிவு கையில் இருப்பது எத்தனையோ விவாதங்களை மிச்சப்படுத்தும்.

பாதிப் பேருக்கு மட்டும் வேலை செய்யும் சர்வர்

சிலருக்கு இணையதளம் திறக்கிறது, சிலருக்குத் திறப்பதில்லை. அல்லது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வசதி) ஒருமுறை இணைகிறது, அடுத்த முறை தொங்கி நிற்கிறது. இத்தகைய புகார் வந்தால், இரு முனைகளும் வெவ்வேறு முறைகளில் இருப்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சர்வரில் ஆக்டிவ்-பேக்கப் அமைத்திருக்கிறார்கள், ஆனால் சுவிட்சில் அந்த இரண்டு போர்ட்டுகளும் நிலையான தொகுப்பாக அமைக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சர்வர் ஒரே உறுப்பின் வழியாக அனுப்புகிறது. சுவிட்சோ, இரண்டு இணைப்புகளும் ஒன்றே என்று எண்ணி, வரும் பாக்கெட்டுகளை முகவரிகளின் அடிப்படையில் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. காத்திருக்கும் உறுப்புக்கு வந்து சேர்ந்தவற்றைக் கர்னல் ஏற்பதில்லை, சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. இதன் விளைவாக, யாருடைய முகவரி எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்து ஒருவருக்குச் சேவை கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. பிங் சோதனையை ஒரே கணினியிலிருந்து செய்துவிட்டு “எல்லாம் சரி” என்று சொல்வது இங்கே பயனற்றது; வெவ்வேறு முகவரிகளிலிருந்து சோதிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சர்வர் பேலன்ஸ்-ஆர்ஆர் அல்லது எக்ஸ்ஓஆர் முறையில் இருந்து, சுவிட்சில் போர்ட்டுகள் சாதாரணமாக விடப்பட்டிருந்தால், ஒரே மேக் முகவரி மாறி மாறி இரண்டு போர்ட்டுகளில் தோன்றுவதாகச் சுவிட்ச் புலம்பத் தொடங்கும். சுவிட்சின் பதிவேட்டில் மேக் முகவரி தாவுவதாகச் செய்திகள் குவிந்திருந்தால், தவறு சர்வரின் முறைத் தேர்வில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்சில் எல்ஏசிபி இருந்து, சர்வர் இன்னும் எல்ஏசிபி பேசாத நிலையில் இருப்பது மூன்றாவது வகை. நெட்வொர்க் வழியாக இயங்குதளத்தை நிறுவும்போது இது தவறாமல் நேரும், ஏனெனில் அந்தக் கட்டத்தில் பாண்ட் என்பதே உருவாகியிருக்காது. சில சுவிட்சுகள் அந்தப் போர்ட்டுகளை முடக்கி வைத்துவிடும். எல்ஏசிபி வராத போர்ட்டைத் தனி இணைப்பாக இயங்கவிடும் தெரிவைச் சுவிட்சில் அமைத்துவிட்டால் நிறுவல் நடக்கும்.

ஆக்டிவ்-பேக்கப் முறையில் முறைகள் இரண்டும் ஒத்துப்போனாலும் ஒளிந்திருக்கக்கூடிய கோளாறு ஒன்றுண்டு. அனுபவசாலிகளையும் வீழ்த்துவது அதுவே. வேலை செய்யும் உறுப்புக்கான சுவிட்ச் போர்ட்டில் தேவையான விலான்கள் (ஒரே சுவிட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்குகள்) எல்லாம் அனுமதிக்கப்பட்டிருக்கும். காத்திருக்கும் உறுப்புக்கான போர்ட்டில் ஒன்று விடுபட்டிருக்கும். அல்லது முதல் போர்ட்டில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 என்றும், இரண்டாவதில் 1500 என்றும் அமைந்திருக்கும். எம்ஐஐ நிலை இரண்டிலும் ‘அப்’ என்றே காட்டும். நிலைக்கோப்பில் எந்தக் குறையும் தெரியாது. முதல் உறுப்பு விழுந்து இரண்டாவது பொறுப்பேற்கும் அன்றுதான், உதவிக்கு வந்தவரே ஊனமானவர் என்பது தெரியும். எம்டியு பொருந்தாதபோது சிறிய பிங் பாக்கெட்டுகள் போய்வரும், பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றுவிடும். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற தெரிவுடன் 8972 பைட் அளவில் பிங் அனுப்பினால் அது உறுதியாகும். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளின் 28 பைட்டுகள் சேர்ந்து 9000 ஆகும் என்பதே அந்த எண்ணின் கணக்கு.

இரண்டு கேபிள் போட்டும் வேகம் கூடவில்லை

இனி அந்த ஏமாற்றத்துக்கு வருவோம். 10 கிகாபிட் கார்டுகள் இரண்டை 802.3ஏடி முறையில் சேர்த்தால், பாண்டின் வேகம் 20 கிகாபிட் என்று ஈத்டூல் காட்டும். ஆனால் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்த்தால் 10 கிகாபிட்டைத் தாண்டாது. இதில் கோளாறு ஏதும் இல்லை. பாக்கெட்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, ஒரே உரையாடலைச் சேர்ந்த பாக்கெட்டுகள் அனைத்தும் ஒரே உறுப்பின் வழியாகவே அனுப்பப்படுகின்றன. பேலன்ஸ்-ஆர்ஆர் மட்டுமே ஒரே உரையாடலைப் பல உறுப்புகளுக்குப் பிரிக்கும். அதற்கு விலையாகப் பாக்கெட்டுகள் வரிசை குலைந்து சேர, டிசிபி அவற்றை இழப்பென்று எண்ணி மறுபடி அனுப்பத் தொடங்கலாம்.

எந்த உரையாடல் எந்த உறுப்புக்கு என்பதை ஹாஷ் கொள்கை (முகவரிகளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு உறுப்பைத் தேர்வுசெய்யும் விதி) தீர்மானிக்கிறது. இயல்பாக அமைந்திருப்பது ‘லேயர்-2’, அதாவது பெரும்பாலும் மேக் முகவரிகளை மட்டும் பார்க்கும் கொள்கை. சர்வரின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே கேட்வேக்கு (வெளி நெட்வொர்க்குக்கான வாயிலுக்கு) அப்பால் இருந்தால், சர்வர் அனுப்பும் எல்லாப் பாக்கெட்டுகளுக்கும் சேருமிட மேக் முகவரி அந்தக் கேட்வேயுடையதே. எனவே எல்லாம் ஒரே உறுப்பில் குவியும். ஐபி முகவரியையும் டிசிபி, யுடிபி போர்ட் எண்ணையும் பார்க்கும் ‘லேயர்-3+4’ கொள்கைக்கு மாற்றினால் பரவல் நன்றாக இருக்கும். துண்டாக்கப்பட்ட பாக்கெட்டுகளின் வரிசை குலையக்கூடும் என்பதால் இக்கொள்கை தரநிலையை முற்றும் பின்பற்றுவதில்லை என்று கர்னல் ஆவணம் எச்சரிக்கிறது. இருந்தாலும் பெரும்பாலான சர்வர்களுக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. வேகத்தை அளக்க ‘ஐபெர்ஃப்3’ கருவியைப் பயன்படுத்தினால், ஒற்றை ஓட்டமாக அளக்காமல் பல இணை ஓட்டங்களாக அளக்க வேண்டும்.

சர்வரிலிருந்து வெளியேறுவதை மட்டுமே இக்கொள்கை கட்டுப்படுத்துகிறது. உள்ளே வருவதை எப்படிப் பிரிப்பது என்பது சுவிட்சின் ஹாஷ் அமைப்பைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வோர் உறுப்பின் அனுப்பல், பெறல் எண்ணிக்கைகளைப் புள்ளிவிவரத் தெரிவுடன் கூடிய ‘ஐபி லிங்க்’ கட்டளையால் தனித்தனியே பார்த்து, எந்தத் திசையில் சாய்வு இருக்கிறது என்று கண்டறிந்த பிறகே மாற்றம் செய்ய வேண்டும். அதே இடத்தில் பிழை எண்ணிக்கைகளும் தெரியும். சிஆர்சி பிழை (வழியில் தரவு சேதமானதைக் காட்டுவது) ஓர் உறுப்பில் மட்டும் ஏறிக்கொண்டே போனால், மென்பொருளைத் தொடாமல் கேபிளையோ ஆப்டிக் மாட்யூலையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.

கண்காணிப்பு அளவுருக்கள்

உறுப்பு விழுந்ததைப் பாண்ட் கண்டுகொள்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘எம்ஐஐமான்’ அளவுருவில் 100 என்று தந்தால், 100 மில்லிநொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கார்டின் இணைப்பு நிலையும் சோதிக்கப்படும். தொடக்கத்துக்கு இந்த எண்ணே போதுமானது. இதைப் பூஜ்யமாக்கிவிட்டு வேறு கண்காணிப்பும் இல்லாமல் விட்டால், கேபிள் அறுந்தது பாண்டுக்குத் தெரியாது. செத்த உறுப்புக்கே பாக்கெட்டுகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். நிலைக்கோப்பில் ‘எம்ஐஐ போலிங் இன்டர்வல்’ பூஜ்யமாக இருந்தால் மற்ற ஆராய்ச்சிகளை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

எம்ஐஐ கண்காணிப்பு அடுத்த சுவிட்ச் வரைதான் எட்டும். அந்தச் சுவிட்சுக்கு மேலே இருக்கும் இணைப்பு அறுந்தால் அது அறியாது. ஆக்டிவ்-பேக்கப் முறையில் இதற்கு ஏஆர்பி கண்காணிப்பைப் பயன்படுத்தலாம்: குறிப்பிட்ட முகவரிகளுக்கு ஏஆர்பி கேள்விகளை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. பதினாறு முகவரிகள் வரை தரலாம். ஒன்றே ஒன்றைத் தந்தால், அந்தக் கணினி நின்றுபோகும்போது நலமாக இருக்கும் உறுப்புகளும் செத்தவையாகத் தோன்றும் என்பதால் இரண்டாவது தருவது நல்லது. 802.3ஏடி முறையில் ஏஆர்பி கண்காணிப்பு இயங்காது.

‘அப்டிலே’ என்ற அளவுரு, மீண்டு வந்த உறுப்பை உடனே நம்பாமல் சிறிது காத்திருக்கச் சொல்கிறது. இதன் தேவை ஸ்பேனிங் ட்ரீயால், அதாவது நெட்வொர்க்கில் சுழல்பாதை உருவாகாமல் தடுக்கும் நெறிமுறையால் எழுகிறது. சுவிட்ச் போர்ட்டில் விளக்கு எரிந்த பிறகும், பழைய ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையில் கவனித்தலுக்கு 15 நொடிகள், கற்றலுக்கு 15 நொடிகள் என்று 30 நொடிகள் வரை தரவு கடத்தப்படாது. ஆக்டிவ்-பேக்கப் முறையில் ஓர் உறுப்பை ‘பிரைமரி’ என்று குறித்திருந்தால், அது மீண்ட உடனே பாண்ட் அதற்குத் தாவி, அந்த 30 நொடிகளுக்குச் சர்வர் காணாமல்போகும். கேபிள் அறுந்தபோது எதுவும் ஆகவில்லை, திரும்பச் செருகியபோதுதான் சேவை நின்றது என்ற விநோதமான புகாருக்கு இதுவே விளக்கம். சர்வர் போர்ட்டுகளுக்குச் சுவிட்சில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போன்ற அமைப்பைச் செய்வது முதல் தீர்வு. அப்டிலே அதற்குத் துணை. ‘பிரைமரி-ரீசெலக்ட்’ தெரிவை மாற்றி, மீண்டவுடன் தாவ வேண்டாம் என்றும் சொல்லலாம்.

சோதிக்கும் முறை

பாண்ட் சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், ஒவ்வோர் உறுப்பையும் விழவைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஐபி லிங்க் கட்டளையால் இடைமுகத்தைக் கீழே இறக்குவது அரைச் சோதனைதான். சில கார்டுகளில், குறிப்பாக நிர்வாகக் கட்டுப்படுத்தியும் (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் தனிச் சில்லு) அதே போர்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், கட்டளைக்குப் பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் மாற்றம் நேர்ந்ததே சுவிட்சுக்குத் தெரியாது. கேபிளைக் கழற்றுவதோ, சுவிட்சில் போர்ட்டை மூடுவதோதான் முழுமையான சோதனை. வெளியிலிருந்து சில கணினிகளைத் தொடர்ந்து பிங் செய்யவிட்டு, முதல் கேபிளைக் கழற்றி, ஒவ்வொரு விலானிலும் சேவை தொடர்கிறதா என்று பார்த்து, அதைத் திரும்பச் செருகி ஒரு நிமிடம் பொறுத்து, பிறகே இரண்டாவதைக் கழற்ற வேண்டும். அந்த ஒரு நிமிடம் ஸ்பேனிங் ட்ரீக்கும் எல்ஏசிபிக்கும் தர வேண்டிய அவகாசம்; அவசரப்பட்டால் சோதனையே சேவை நிறுத்தமாகிவிடும். உறுப்பு இடைமுகத்தின் மீது பழைய ஐபி முகவரியோ ரவுட்டோ ஒட்டிக்கொண்டிருந்தாலும் இச்சோதனையில் அகப்பட்டுவிடும், ஏனெனில் அந்த ரவுட் இருக்கும் வரை பாக்கெட்டுகள் பாண்டைத் தவிர்த்துவிட்டு நேராகச் செத்த கார்டுக்கே போகும்.

சோதனைக்குப் பிறகு அன்றாடக் கண்காணிப்பு தேவை. ஓர் உறுப்பு செத்தாலும் பாண்ட் ‘அப்’ என்றே காட்டுவதால், பாண்டின் நிலையை மட்டும் கவனிக்கும் எச்சரிக்கை ஒருநாளும் ஒலிக்காது. பிரமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு, சர்வரில் இயங்கும் அதன் துணை நிரலான நோட் எக்ஸ்போர்ட்டர் ஒவ்வொரு பாண்டிலும் மொத்த உறுப்புகள் எத்தனை, இயங்குபவை எத்தனை என்று இரண்டு எண்களைத் தருகிறது. இரண்டும் வேறுபட்டால் எச்சரிக்கை வருமாறு அமைக்கலாம். அது இணைப்பு விழுந்ததை மட்டுமே பிடிக்கும். இரண்டு உறுப்புகளும் இயங்கியபடியே வெவ்வேறு தொகுப்புகளில் பிரிந்து நிற்பதைப் பிடிக்காது. 802.3ஏடி பாண்டுகளுக்கு, ‘சிஸ்’ கோப்பமைப்பில் அந்தப் பாண்டின் அடைவுக்குள் இருக்கும் ‘ஏடி-நம்-போர்ட்ஸ்’ கோப்பையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும்: இயங்கும் தொகுப்பில் இப்போது எத்தனை போர்ட்டுகள் இருக்கின்றன என்பதை அது சொல்லும். இரண்டு கேபிள்கள் போட்ட சர்வரில் அந்த எண் 1 என்று இருந்தால், பழுதுபார்க்க வேண்டிய நாள் அதுவே.